காரைக்குடி கடையில பார்த்த லண்டன் சுரங்க ரயில் போர்டு ஒரிஜினலா? அந்த ஸ்டைல்ல நம்ம வீட்டுக்கு போர்டு செய்யலாமா?

பள்ளத்தூர்வளவு:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி ரெண்டு இருக்கு, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததால ஒரே இழையில போடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

பள்ளத்தூர்ல எங்க ஐயா காலத்து வீடு. பங்காளிங்க எல்லாம் உக்காந்து பேசி, முன்பக்கத்தை ஹோம்ஸ்டேயா மாத்தலாம்னு முடிவாகி வேலை நடந்துக்கிட்டிருக்கு. வீடு ரொம்ப பெருசு. முகப்பு தாண்டி வளவு, அதான் நடு முற்றம், வளவச் சுத்தி ரெட்டை ரெட்டையா அறைங்க, அப்புறம் இரண்டாம் கட்டு, சாப்பாட்டுக் கூடம், மாடிக்குப் போக வேற வேற மூலையில படி. கல்யாணத்துக்கு வர்ற சொந்தக்காரங்களே எந்தக் கதவு எங்க போகுதுன்னு கேட்டுத்தான் போறாங்க, இதுல வெளியூர் ஆளுங்க ராத்திரியில எந்திரிச்சா என்ன செய்வாங்க. அதுக்காக ஃபிளெக்ஸ்லயோ அக்ரிலிக்லயோ அடிச்சு அந்தத் தேக்கு நிலையில ஒட்ட எனக்கு மனசு வரல.

இந்த யோசனையோட முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்கள ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டு வந்தப்ப ஒரு கடையில அந்த லண்டன் போர்டு கண்ணுல பட்டுச்சு. செவப்பு வளையம், குறுக்க நீலப் பட்டை, பட்டையில வெள்ளை எழுத்துல பிக்காடிலின்னு இங்கிலீஷ்ல. சாப்பாட்டுத் தட்டை விட கொஞ்சம் பெருசு. ஓரமெல்லாம் துரு. எனாமல், லண்டன்லேர்ந்து வந்தது, பதினெட்டாயிரத்துக்கு குறைக்க முடியாதுங்கிறாங்க. பார்த்ததுலேர்ந்து அந்த நீலமும் செவப்பும் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

கேள்வி 1: இது அசலா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேள்வி 2: பழைய சுரங்க ரயில் ஸ்டேஷன் போர்டு, டைல்ஸ் இதையெல்லாம் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க, அந்த முறையில தமிழ் எழுத்து போட்டு ஒரு செட்டிநாட்டு வீட்டுக்கு போர்டு செஞ்சா நல்லா இருக்குமா, இல்ல ஒட்டாம நிக்குமா?

---

எனாமல்பிரியன்_கோட்டையூர்:

காசு குடுத்துறாதீங்க, முதல்ல இதப் படிங்க.

அசல் எனாமல்ங்கிறது பெயிண்ட் கிடையாது, கண்ணாடி. கண்ணாடிப் பொடியை இரும்புத் தகட்டு மேல பூசி 800 டிகிரிக்கு மேல சூளையில சுடுவாங்க, அது உருகித் தகட்டோட ஒட்டிக்கும். முதப் பூச்சு கரு நீலமாவோ கருப்பாவோ இருக்கும், அதுல கோபால்ட் கலந்திருப்பாங்க, இரும்பைப் பிடிச்சுக்கிறது அதுதான். அதுக்கு மேல வெள்ளை, அதுக்கு மேல ஒவ்வொரு கலரா ஸ்டென்சில் வச்சு, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா சூளை. அதனாலதான் நூறு வருசம் மழையில நின்னாலும் கலர் வெளுக்காது. நம்ம வீடுங்கள்ல சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரையோட கிடக்குற எனாமல் தூக்குச்சட்டி, அடுக்கு எல்லாமே இதே தொழில்நுட்பம்தான், அப்பத்தா பரண்ல ஒண்ணு கண்டிப்பா இருக்கும், எடுத்து நல்லாப் பார்த்து கண்ணுக்குப் பழக்கிக்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

கடையில பார்க்க வேண்டியது. எழுத்தோட ஓரத்துல நகத்தை வச்சு மெதுவா இழுங்க, கலர் மேல கலர் ஏறியிருக்கிறது ஒரு சின்ன மேடாத் தட்டணும். வழவழன்னு ஒரே மட்டமா இருந்தா அச்சடிச்சது. லென்ஸ் வச்சுப் பாருங்க, குட்டிக் குட்டி கலர்ப் புள்ளியாத் தெரிஞ்சா அதோட விட்டுட்டு வந்துருங்க. ஆணி ஓட்டையைப் பாருங்க, பழசுல ஓட்டை போட்ட பிறகுதான் சூளைக்குப் போகும், அதனால எனாமல் ஓட்டையோட உதடு வரைக்கும் வழிஞ்சு மடங்கியிருக்கும். திருப்பிப் பாருங்க, பின்பக்கமும் எனாமல் பூசியிருக்கணும், ஒரு பக்கம் மட்டும் பூசினா சூளையில தகடு வளைஞ்சுரும். துரு எங்க இருக்குங்கிறது ரொம்ப முக்கியம். அசல்ல ஆணி ஓட்டையிலயும் அடிபட்ட இடத்துலயும்தான் துரு, உடைஞ்ச இடத்துல வெள்ளைக்குக் கீழ அந்தக் கருப்புப் பூச்சு ஒரு விளிம்பாத் தெரியும். நாலு ஓரத்துலயும் சமமா அழகா துரு இருந்தா அது ஆசிட்ல பிடிக்க வச்ச துரு.

இன்னொண்ணு, அளவு. லண்டன் பிளாட்ஃபாரத்துல இருந்த பெயர்ப் பலகை எல்லாம் ரெண்டு கையையும் விரிச்சாத்தான் பிடிக்கிற அளவு. தட்டு சைஸ்ல வர்றது பெரும்பாலும் நினைவுப் பொருளா விக்கிறதுதான். அந்தப் பேரும் எனக்கு உறுத்துது. பிக்காடிலிங்கிற பேர்ல ஒரு லைன் இருக்கு, ஆனா ஸ்டேஷன் பேரு பிக்காடிலி சர்க்கஸ். நீலப் பட்டையில வெறும் பிக்காடிலின்னு ஏன் போடப் போறாங்க?

எழுத்து எப்படி இருந்துச்சு, எல்லாமே பெரிய எழுத்தா, சின்ன எழுத்தும் இருக்கா?

---

பள்ளத்தூர்வளவு:

அண்ணே ரொம்ப நன்றி. மதியமே போயி பார்த்துட்டு வந்துட்டேன். முதல் எழுத்து மட்டும் பெருசு, மத்ததெல்லாம் சின்ன எழுத்து. இங்கிலீஷ் ஐ எழுத்து மேல புள்ளி நல்ல வட்டம். நகம் எங்கயும் தட்டல. பின்னாடி வெறும் தகடு, சாம்பல் கலர் பெயிண்ட்.

---

எனாமல்பிரியன்_கோட்டையூர்:

அப்ப சந்தேகமே வேண்டாம், அது புதுசு.

அந்த எழுத்தோட கதை உங்க ரெண்டாவது கேள்விக்கும் உதவும், சொல்றேன். 1908 வாக்குல லண்டன்ல என்ன பிரச்சினைன்னா ஸ்டேஷன் சுவரு பூரா விளம்பரம், அதுக்கு நடுவுல ஸ்டேஷன் பேரு எங்கேன்னு ரயிலுக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியல. பிராங்க் பிக்னு ஒருத்தரு விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. அந்தச் சமயத்துலதான் பேருக்குப் பின்னாடி ஒரு செவப்பு வட்டத்தை வச்சாங்க, அப்ப முழு வட்டம், வளையமெல்லாம் அப்புறம் வந்தது. அவ்வளவு கூட்டத்துலயும் கண்ணு அந்தச் செவப்புல போயி நிக்கும், நின்ன இடத்துல பேரு இருக்கும். எட்வர்ட் ஜான்ஸ்டன்ங்கிற எழுத்துக் கலைஞரை வச்சு தனி எழுத்துருவும் செய்ய வச்சாரு பிக், 1916ல புழக்கத்துக்கு வந்துச்சு. அதுல ஐ, ஜே மேல வர்ற புள்ளி வட்டம் இல்ல, சாய்சதுரம், வைரக்கல்லு மாதிரி நிக்கும். நீங்க பார்த்ததுல வட்டப் புள்ளி. பழைய போர்டுங்கள்ல பேரு பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்துல இருக்கும், அதுவும் இதுல இல்ல.

ஒரு எச்சரிக்கை. அந்த வளையமும் பட்டையும் லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தோட பதிவு செஞ்ச வணிகச் சின்னம், ரொம்ப கறாரா பாதுகாக்குறாங்க. அப்படியே காப்பியடிச்சு, காசு வாங்கி ஆள் தங்க வைக்கிற இடத்துல மாட்டாதீங்க.

---

தேவகோட்டை_டு_நியூஜெர்சி:

தம்பி, நான் தேவகோட்டைதான், கல்யாணம் ஆகி இங்க வந்து வருசம் பல ஆச்சு, வேலைக்கு தினமும் நியூயார்க் சப்வே, அதான் இங்கத்த சுரங்க ரயில்ல போறேன். லண்டனைப் பத்தி அவரு சொல்லிட்டாரு, இங்க உள்ளதைச் சொல்றேன், உங்க வீட்டுக்கு இதுதான் கிட்ட வரும்னு எனக்குத் தோணுது.

இங்க சப்வே ஆரம்பிச்சது 1904 அக்டோபர் 27. முதல்ல கட்டுன ஸ்டேஷனை எல்லாம் ஹெயின்ஸ் அண்ட் லாஃபார்ஜ்னு ரெண்டு பேரு சேர்ந்து வரைஞ்சாங்க. வெள்ளை டைல்ஸ் சுவரு, மேல பார்டர், ஸ்டேஷன் பேரு கட்டம் கட்டமா மொசைக்ல. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா பேரு மட்டும் இல்ல, சில ஸ்டேஷனுக்கு ஒரு படமும் உண்டு, சுட்ட மண்ணுல பளபளன்னு கலர் பூசுனது. ஆஸ்டர் பிளேஸ்ல பீவர்ங்கிற ஒரு விலங்கு மரத்தைக் கடிச்சுக்கிட்டிருக்கும், ஏன்னா ஆஸ்டர் குடும்பம் சம்பாதிச்சது பீவர் தோல் வியாபாரத்துல. கொலம்பஸ் சர்க்கிள்ல கப்பல். ஃபுல்டன் ஸ்ட்ரீட்ல நீராவிப் படகு. வால் ஸ்ட்ரீட்ல அந்தக் காலத்து மரவேலி, பின்னாடி ஒரு வீடு. அப்ப இந்த ஊருக்கு நாலா தேசத்துலேர்ந்தும் ஆளுங்க வந்து இறங்கிக்கிட்டிருந்த நேரம், இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்க ஏராளம். பீவரைப் பார்த்தா இறங்கணும்னு பிள்ளைக்குக் கூட சொல்லி அனுப்பலாம். நான் வந்த புதுசுல வெறும் எண்ணும் எழுத்துமா இருக்குற லைன் பேரு எனக்குக் குழப்பமா இருக்கும், படம் இருக்குற ஸ்டேஷன்ல மட்டும் தைரியமா இறங்கிருவேன்.

அப்புறம் ஸ்க்வையர் விக்கர்ஸ்னு ஒருத்தர் வந்தாரு. அவரு காலத்துல படமெல்லாம் குறைஞ்சு எளிமையாச்சு, ஆனா 1932ல திறந்த எட்டாவது அவென்யூ லைன்ல அவரு செஞ்ச ஒரு காரியம் இருக்கு, அதை இங்க தினமும் போற ஆளுங்கள்லயே கவனிச்சவங்க கொஞ்சம்தான். எக்ஸ்பிரஸ் வண்டி நிக்கிற பெரிய ஸ்டேஷன் வந்தா டைல்ஸ் பட்டையோட கலர் மாறும். அங்கேர்ந்து அடுத்த பெரிய ஸ்டேஷன் வரைக்கும் வர்ற சின்ன ஸ்டேஷன் எல்லாம் அந்த ஒரே கலர்க் குடும்பம். ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், செவப்புன்னு வரிசை. நிமிர்ந்து பேரைப் படிக்காமலே ஜன்னல்ல கலர் மாறினதும் அடுத்த பகுதிக்கு வந்துட்டோம்னு தெரியும்.

உங்க வீட்டுலயும் அறை அறையா பேரு எழுதுறதுக்கு முன்னாடி, கட்டுக்கு ஒரு கலர்னு வச்சுப் பாருங்களேன்.

---

கண்டனூர்_கார்த்தி:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போலின்னு தெரிஞ்ச பிறகு பதினெட்டாயிரம் குடுக்க வேண்டாம், அது சரி. ஆனா லண்டன் ஸ்டைல் நம்ம வீட்டுக்கு ஒட்டாதுன்னு யாராவது சொல்ல வந்தா ஒத்துக்க மாட்டேன். நம்ம வீட்டுல எது நம்ம ஊரு? மரம் பர்மாவுலேர்ந்து, மார்பிள் இத்தாலியிலேர்ந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியம், சுவத்துல பாதி உயரத்துக்கு ஒட்டியிருக்குற பூப்போட்ட டைல்ஸ் ஜப்பான். ஐயாமாருங்க எங்கெல்லாம் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனாங்களோ அங்கேர்ந்தெல்லாம் பிடிச்சதைக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து வச்சாங்க. அவங்க லண்டன் போர்டைப் பார்த்திருந்தா அதையும் கொண்டாந்து முகப்புல மாட்டியிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. அசல் கிடைச்சா ஒண்ணு வாங்கி மாட்டுங்க, அது அந்த வீட்டுப் பழக்கத்துக்கு விரோதம் இல்ல.

---

கட்டடம்_படிக்கிறேன்_காரைக்குடி:

கார்த்தி அண்ணே சொல்றதுல பாதி சரி. வெளியிலேர்ந்து கொண்டாந்தாங்க, ஆனா வந்தது எல்லாமே வீட்டோட கணக்குக்குள்ள வந்துதான் உக்காந்துச்சு. ஜப்பான் டைல்ஸை வாங்கினவங்க ஜப்பான் வீட்டைக் கட்டல, வளவை வளவாத்தான் கட்டினாங்க. அழகுக்கு ஒண்ணு மாட்டுறது வேற, வழி காட்டுறதுக்கு மாட்டுறது வேற. வழி காட்டுற போர்டு அந்த இடத்துலேர்ந்தே பிறந்திருக்கணும்ங்கிறது என் எண்ணம், அந்தப் பழைய ஸ்டேஷனைக் கட்டினவங்க எல்லாரும் அப்படித்தான் செஞ்சிருக்காங்க.

லண்டன்லயே லெஸ்லி கிரீன்னு ஒரு ஆர்க்கிடெக்ட். 1906, 1907ல திறந்த ஸ்டேஷனுங்க ஐம்பது கிட்ட அவரு வரைஞ்சது, வெளிய காஞ்ச ரத்தக் கலர்ல பளபளக்குற டைல்ஸ் பார்த்தீங்கன்னா அது அவரோடது. உள்ள பிளாட்ஃபாரத்துல ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டைல்ஸ் கலரும் கட்டமும் வேற வேற, பேரையும் டைல்ஸ்லயே சுட்டுப் பதிச்சிருக்காரு. 1908ல செத்துப் போனாரு, வயசு 33. அவ்வளவு குறுகிய காலத்துல அவ்வளவு வேலை, அதுல பல ஸ்டேஷன் இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. பாரிஸ்ல 1900ல மெட்ரோ வந்தப்ப விளக்கு வெளிச்சம் போதாதுன்னு ஓரம் சரிச்ச வெள்ளை டைல்ஸை சுவரு பூரா ஒட்டுனாங்க, ஒரு விளக்கோட வெளிச்சம் பத்து பக்கம் சிதறும். வாசலுக்கு எக்டர் கிமார் வார்ப்பிரும்புல கொடி மாதிரி வளைச்சு வச்சாரு, பச்சை கலர்ல, எழுத்தும் அந்தக் கொடியோட சேர்ந்தே வளையும். மெக்சிகோல 1969ல லான்ஸ் வைமன் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு சின்னம் போட்டாரு, சாபுல்தெபெக்குக்கு வெட்டுக்கிளி, படிக்கத் தெரியாதவங்களும் அதை வச்சே போவாங்க.

அண்ணே இப்ப உங்க வீட்டுத் தரையைப் பாருங்க. பெரும்பாலான செட்டிநாட்டு வீடுங்கள்ல முகப்புல ஒரு டிசைன், வளவச் சுத்தி வேற டிசைன், இரண்டாம் கட்டுல வேற டிசைன்னு ஆத்தங்குடிக்கல்லு, அதான் ஆத்தங்குடியில கையால செய்யுற சிமென்ட் டைல்ஸ் இருக்கும், இல்லன்னா கலராவது மாறும். நியூயார்க்ல விக்கர்ஸ் கலர் மாத்தி மாத்தி செஞ்ச வேலை உங்க வீட்டுல காலுக்குக் கீழ ஏற்கனவே இருக்கு! புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அந்தந்தக் கட்டோட தரைப் பூவையும் கலரையும் எடுத்து, சுவத்துல கண் மட்டத்துல ஒரு சின்னப் பட்டையாக் கொண்டு வாங்க, அறைச் சாவில தொங்குற கட்டையிலயும் அதே பூ. நட்சத்திரப் பூ இருக்குற சாவி கையில இருந்தா நட்சத்திரப் பூ தரையில நடந்தாப் போதும், அறை வந்துரும்.

டைல்ஸ்லயே எழுத்து போடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா அடுத்து கேப்பீங்க, அதனால சொல்றேன். நான் ஆத்தங்குடியில பட்டறையில உக்காந்து பார்த்திருக்கேன். கண்ணாடிப் பலகை மேல சட்டத்தை வச்சு, அதுக்குள்ள தகட்டு அச்சை இறக்கி, கட்டம் கட்டமா கலர் சிமென்ட்டை ஊத்துவாங்க, அச்சை எடுத்துட்டு மேல காஞ்ச மணல் சிமென்ட்டு, அப்புறம் ஈரக் கலவை, அமுக்கி மட்டம் பண்ணி, காய்ஞ்சதும் தண்ணித் தொட்டியில நாள் கணக்குல ஊறப் போடுவாங்க. சூளையே கிடையாது. கண்ணாடியில ஒட்டுன பக்கம்தான் கடைசியில மேல் பக்கம், அதனால எழுத்து அச்சை கண்ணாடியில பார்க்குற மாதிரி திருப்பிச் செய்யணும். கலரு ஈரத்துல லேசா ஓடும், ணகரம் னகரம் மாதிரி சுழி அடுக்குன எழுத்தெல்லாம் சின்னதா வராது, நிரம்பிப் போயிரும். பூவுக்கு அருமையான முறை, பொடி எழுத்துக்கு சரிப்படாது. அதோட தரையில எழுத்தைப் பதிச்சா எல்லாரும் மிதிப்பாங்க, எங்க ஆயா அதைப் பார்த்தா வீட்டுக்குள்ள கால வைக்காது. அதனால பூவும் பட்டையும் ஆத்தங்குடி, எழுத்து மட்டும் எனாமல் தகட்டுல. ரெண்டையும் சேர்த்து நிலைக்குப் பக்கத்துல சுவத்துல பதிங்க. தேக்கு நிலையில ஆணி அடிக்காதீங்க அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன்.

---

ரயில்வே_ஓய்வு_மானாமதுரை:

இவ்வளவு நல்ல இழையில ரயில்வேக்காரன் ஒருத்தனும் பேசலன்னா எப்படி. வேலையில இருந்த காலம் பூரா ஸ்டேஷன் போர்டைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

தம்பி, வெளிநாட்டு போர்டை எல்லாம் பார்த்தீங்க, திருமயத்துக்கும் கோட்டையூருக்கும் நடுவுல செட்டிநாடுன்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, அங்க போயி மஞ்சப் பலகையைப் பாருங்க. மஞ்சள்ல கருப்பு எழுத்து, தூரத்துலேர்ந்து, மங்குன வெளிச்சத்துலயும் பிடிபடுற ஜோடி அது. மேல தமிழ், அப்புறம் இந்தி, இங்கிலீஷ், கீழ கடல் மட்டத்துலேர்ந்து எத்தனை மீட்டர் உயரம்னு. பிளாட்ஃபாரத்தோட ரெண்டு கோடியிலயும் வண்டியைப் பார்த்து நிக்கும். ஓடுற வண்டியிலேர்ந்து படிக்கணும், அதுதான் அதோட வேலை, அதுக்கு ஏத்த மாதிரிதான் எழுத்து தடிமனும் இடைவெளியும்.

தமிழ் எழுத்தைப் பத்தி ரெண்டு விசயம் சொல்றேன். இங்கிலீஷ் பெரிய எழுத்து எல்லாம் ஒரே உயரம், அதனால அந்த லண்டன் பட்டைக்குள்ள கச்சிதமா உக்காரும். நமக்கு அப்படி இல்ல. மேல கொக்கி, சுழி, புள்ளி, கீழ உகரக் கால். பட்டையை இங்கிலீஷுக்கு வெட்டிட்டு அதுக்குள்ள தமிழை அமுக்குனா எழுத்து மூச்சு முட்டும். எத்தனையோ புது போர்டுங்கள்ல இந்தக் கொடுமையைப் பார்க்குறேன், வயித்தெரிச்சலா இருக்கு. முதல்ல தமிழை எழுதுங்க, அதுக்குத் தேவையான உயரத்தை விடுங்க, அப்புறம் பட்டையை வெட்டுங்க. இன்னொண்ணு நம்ம பேரெல்லாம் நீளம். கானாடுகாத்தான்னு எழுதிப் பாருங்க, வட்டத்துக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம் நீட்டிக்கிட்டுப் போகுதுன்னு தெரியும். வட்டத்தை விட்டுட்டு நீளப் பலகையாவே வைங்க.

எழுத்து கம்ப்யூட்டர்ல எடுக்காதீங்க. கையால போர்டு எழுதுற பெயிண்டருங்க காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இன்னும் இருக்காங்க. அவங்க நூல் பிடிச்சு சாக்பீஸ்ல மேல்கோடு கீழ்கோடு போட்டு, முதல்ல எழுத்துக்கு நடுவுல உள்ள வெற்றிடத்தைக் கண்ணால அளந்துட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவாங்க. அவங்ககிட்ட காகிதத்துல எழுதி வாங்குங்க, அந்தக் காகிதத்தை ஸ்டென்சில் வெட்டி எனாமல் சுடுறவங்களுக்கு அனுப்பலாம். எனாமல் போர்டு சுடுற பட்டறைங்க நாட்டுல இன்னும் இருக்கு. அந்த ஜான்ஸ்டன் வைரப் புள்ளி வச்சாருன்னு படிச்சதும் எனக்கு ஒரு ஆசை வந்துச்சு, நம்ம மெய்யெழுத்துப் புள்ளியையும் கொஞ்சம் சாய்சதுரமா வைக்கச் சொல்லிப் பாருங்க. பட்டைப் பிரஷ்ஷை சாய்ச்சுப் பிடிச்சு ஒரே தட்டுத் தட்டினா தானா அப்படித்தான் விழும்.

---

தேவகோட்டை_டு_நியூஜெர்சி:

ஐயா சொன்னது ரொம்ப அருமை. போர்டை எங்க வைக்கிறதுன்னு யாரும் சொல்லல, அதையும் சேர்த்துக்குங்க. 1960கள்ல நியூயார்க் சப்வே போர்டெல்லாம் ஒரே குழப்பமாக் கிடந்தப்ப மாசிமோ விக்னெல்லி, பாப் நூர்டான்னு ரெண்டு பேரு இருந்த கம்பெனிய கூப்பிட்டாங்க. நூர்டா சுரங்கத்துக்குள்ள ஆளுங்க எப்படி நடக்குறாங்கன்னு பின்னாடியே போயிப் பார்த்தாரு. அவங்க வச்ச விதி, ஆளு எந்த இடத்துல இடமா வலமான்னு முடிவு பண்ணணுமோ அந்த இடத்துல சொல்லு, அதுக்கு முன்னாடியும் வேண்டாம் அதுக்குப் பின்னாடியும் வேண்டாம். அதே நூர்டா அதுக்கு முன்னாடி 1964ல மிலான் மெட்ரோவுல சுவரு நெடுக ஒரு செவப்புப் பட்டை விட்டு அஞ்சு மீட்டருக்கு ஒரு தடவை ஸ்டேஷன் பேரை எழுதியிருந்தாரு, ரயில்ல எந்த ஜன்னல்ல உக்காந்தாலும் ஒரு பேரு கண்ணுல படும்.

உங்க வீட்டுல முடிவு பண்ற இடம் எதெதுன்னு யோசிங்க தம்பி. முகப்புலேர்ந்து வளவுக்குள்ள நுழையுற கதவு, வளவோட நாலு மூலை, மாடிப்படி அடி. பெரும்பாலும் அவ்வளவுதான் வரும். எல்லாக் கதவுலயும் போர்டு வச்சா வீடு ஆஸ்பத்திரி ஆயிரும்.

---

பள்ளத்தூர்வளவு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நியூஜெர்சி ஆச்சி சொன்ன மாதிரி முடிவு பண்ற இடம் எதெதுன்னு யோசிச்சுக்கிட்டு இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குள்ள புதுசா வந்த ஆளு மாதிரி நடந்து பார்த்தேன். கட்டடம் படிக்கிற தம்பி சொன்னது நிஜம், வளவச் சுத்தி செவப்பு நட்சத்திரம், இரண்டாம் கட்டுல பச்சையும் மஞ்சளும் கலந்த கட்டம், சாப்பாட்டுக் கூடத்துல கருப்பு வெள்ளை. பொறந்ததுலேர்ந்து அது மேல நடந்துக்கிட்டிருக்கேன். முகப்பு மட்டும் மார்பிள், அங்க பூவே இல்ல, அதுக்கு என்ன செய்யலாம்? அப்புறம் எங்க அப்பத்தா ஒரு யோசனை சொன்னுச்சு. வீட்டுப் பாத்திரம் பூரா எங்க விலாசம், அதான் குடும்பத்துப் பேரோட முதலெழுத்துங்க, வெட்டியிருக்கு, அந்த எழுத்தை அப்படியே எடுத்து முகப்புப் போர்டுல வைங்கடாங்குது.

அந்தப் பிக்காடிலி போர்டு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். கார்த்தி அண்ணே, அசல் ஒண்ணு என்னைக்காவது கிடைச்சா கண்டிப்பா வாங்கி எங்க அறையில மாட்டிக்குவேன், அந்த நீலம் அவ்வளவு பிடிச்சிருக்கு.

---

கட்டடம்_படிக்கிறேன்_காரைக்குடி:

அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. அதை விட நல்ல முகப்பு போர்டு யாராலயும் வரைய முடியாது. பாத்திரத்துல வெட்டுன எழுத்து உளியால புள்ளி புள்ளியா அடிச்சது, அந்தக் கோட்டுலயே ஒரு அழகு இருக்கும். மெல்லிசு காகிதத்தை மேல வச்சு பென்சில் முனையைச் சாய்ச்சுத் தேய்ச்சு அச்சு எடுங்க, அதையே பெயிண்டர்கிட்ட குடுத்து பெருசு பண்ணச் சொல்லுங்க. மார்பிள் முகப்புக்கு வெள்ளையில நீல எழுத்து, பூ வேண்டாம், விலாசம் மட்டும் போதும்.

சுடக் குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சார்ட் பேப்பர்ல வெட்டி அந்தந்த இடத்துல மாவுப் பசை வச்சு ஒட்டுங்க. வீட்டைத் தெரியாத ரெண்டு மூணு பேரைக் கூப்பிட்டு, விளக்கெல்லாம் ராத்திரி எப்படி எரியுமோ அப்படி வச்சு, மாடி அறைக்குப் போங்கன்னு மட்டும் சொல்லிட்டு நீங்க பேசாம நில்லுங்க. எங்க நின்னு திரும்பிப் பார்க்குறாங்களோ அந்த இடத்துல சாக்பீஸ்ல குறி போட்டு வைங்க.

---

எனாமல்பிரியன்_கோட்டையூர்:

எனாமல் சுடக் குடுக்கும்போது ஓட்டையை எங்கெங்க போடணும்னு அளவோட முன்னாடியே சொல்லிருங்க, சுட்டு வந்த பிறகு டிரில் போட்டா விரிசல் விட்டுரும். மாட்டும்போது ஸ்க்ரூவுக்கும் தகட்டுக்கும் நடுவுல ரப்பர் வாஷரோ ஃபைபர் வாஷரோ போட்டு, கையால திருகுற அளவுக்கு மட்டும் இறுக்குங்க. துடைக்க வெறும் துணியும் சோப்புத் தண்ணியும் போதும். வீட்டுல வேலை பார்க்குறவங்ககிட்ட பித்தளைக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்னு கட்டாயம் சொல்லி வைங்க, எங்கயாவது சின்னதா உடைஞ்சிருந்தா புளிப்பு உள்ள இறங்கி துரு பிடிச்சுரும்.